வளைவைக் கூட்டுகிறவர்

“அடுத்தவன் வண்டியில பின்னால குத்தவச்சுப் போயி நீ என்னத்தட்டி படிச்சுக் கிழிக்கப் போற?”

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் என் அத்தை, அப்பாவின் அக்கா, கேட்ட கேள்வி இது. புதுச் சீருடை போட்டு, எண்ணெய் வழிய இரட்டைச் சடையோடு, பையைத் தோளில் மாட்டி வாசலில் நின்றிருந்தேன். “பாத்துக்கிட்டே இரு” என்றேன். அப்படிப் பதில் சொல்லும் பெண்பிள்ளைகளை அத்தைக்குப் பிடிக்காது.

படித்தும் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மார்க். இப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தாயிற்று. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அத்தை கேட்காதபோதும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் கேள்வியில் ‘அடுத்தவன் வண்டி’ என்று ஒன்று இருந்ததே, அதற்கு மட்டும் நான் பதில் சொன்னதே இல்லை.

அந்த வண்டிக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; நாங்கள் வேறு. ராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில் அப்பாவும் அவரும் வேலை பார்த்தார்கள், அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள், மச்சான், மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த வழியில் மாமா. ஸ்ரீவில்லிபுத்தூரில் சிஸ்டர்மார் நடத்தும் பெண்கள் பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி எனக்கு இடம் வாங்கியவர் அவர்தான். ராத்திரி ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போய் விடுவார். மாலையில் நான் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பத்தாவது முடியும்வரை இப்படித்தான்.

அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால், பை வைக்கும் கம்பியில், ஒரு தென்னங்குச்சி விளக்குமாறு கட்டியிருக்கும்.

வண்டியில் விளக்குமாறு கட்டிக்கொண்டு போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் அதற்கு முன்னால், முதுகில் குச்சி குத்தாமல் இருக்க விறைப்பாக உட்கார்ந்து போனேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மணல் சேருகிற வளைவுகள் சில உண்டு. மண் லாரிகள் திரும்பும்போது சிந்தும். மழை பெய்தால் ஓரத்து மண் அரித்து வந்து தாரில் படியும். மாமா அங்கே வண்டியை ஓரங்கட்டுவார். செருப்பைக் கழற்றுவார். வெறுங்காலை ரோட்டில் வைத்து, பாதத்தை முன்னும் பின்னும் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பார். பிறகு விளக்குமாற்றை உருவி, வளைவின் வெளி ஓரம்வரை கூட்டித் தள்ளுவார்.

“என்னண்ணே, முனிசிபாலிட்டில சேந்துட்டீரா?” என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள்.

“இல்ல தம்பி. இங்க மணலு கெடக்கு. பாத்துப் போங்க” என்பார். கிண்டலுக்குப் பதில் அவ்வளவுதான். கிண்டல் செய்தது அவருக்குப் புரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் இறங்கி, அவரோடு சம்பந்தமில்லாதவள் போலக் கொஞ்சம் தள்ளி நின்று புத்தகத்தைப் பிரித்துக்கொள்வேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள், “ஏட்டி, ஒங்க வீட்டுத் தோட்டி வந்துட்டாரு” என்று சிரித்தபோது, “எங்க வீடு இல்ல. பக்கத்து வீடு” என்று திருத்தினேன்.

ரோட்டில் மட்டும் இல்லை. எங்கே போனாலும் அவர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டுக் குளியல் கல்லில் பாசி பிடித்தால் அம்மாவுக்கு முன்னால் அவர் கண்டுபிடித்து, செங்கல்லைப் போட்டுத் தேய்த்துவிடுவார். ஒரு கல்யாணத்தில், பந்தி முடிந்த இடத்தில் பாயசம் சிந்தியிருந்தது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்துகொண்டிருந்தார். மாமா குறுக்கே போய் நின்று, “மாப்ள, இந்தப் பக்கம் வழுக்கும், அந்தப் பக்கமா வாங்க” என்றார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியத்தில் முன்னால் வந்து வழுக்கும் என்றா சொல்வது? மாமாவின் மனைவி அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். “ஒம்ம வாயில வேற சொல்லே வராதா?” என்று மனைவி திட்டியது பந்தி முழுக்கக் கேட்டது. அவர் திரும்பித் திரும்பி அந்தப் பாயசத்தையே பார்த்துக்கொண்டு போனார்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் மலையைப் பார்த்த பக்கம், ஒரு கண்மாய் உண்டு. கோடையில் வற்றியதும், ஒர்க்‌ஷாப்காரர்களும் பருத்தி அரவை மில் முதலாளிகளின் பையன்களும் சேர்ந்து அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவார்கள். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் மில் தொழிலாளிகள். அப்பாவும் மாமாவும் அதில் கெட்டிக்காரர்கள் என்று பேர். பந்தயத்தன்று காலையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்து வருவார்கள். அதற்குத் தரை பார்ப்பது என்று பேர். நடந்து முடித்துவிட்டால், பந்தயம் முடியும்வரை ஒருவர் மற்றவரிடம் தரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவரவர் கால் அவரவருக்குச் சொன்னதுதான். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் மீறியவனை அடுத்த வருடம் சேர்க்க மாட்டார்கள்.

நான் கைக்குழந்தையாக இருந்த வருடம் அப்பா அங்கே விழுந்தார். முட்டி நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவரால் மில்லில் நின்று வேலை பார்க்க முடியவில்லை. கேட்டில் நாற்காலி போட்டு வாட்ச்மேனாக உட்கார்த்தினார்கள். எங்கள் வீட்டில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார்கள். “தெரிஞ்சிருந்தும் அவன் சொல்லல.” அம்மா சொல்வாள், அத்தை சொல்வாள். நானும் சொன்னேன். எங்கப்பா விழவில்லை, விழ விட்டார்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மாமா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எங்களுக்குச் சேர வேண்டியது போலவே எனக்குப் பட்டது. ஆண்டு விழாவில் நான் பரிசு வாங்கிய எந்த வருடமும் அவரை உள்ளே வரச் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியோடு நிற்பார்.

பத்தாவது முடிவு வந்த அன்று, வீட்டுக்குப் போகும் வழியில், “செத்த நேரம் கண்மாய்க்குப் போயிட்டு வருவமா தாயி?” என்று கேட்டார். முதல் மார்க் வாங்கிய பெருமையில் எங்கே என்றாலும் போயிருப்பேன்.

கண்மாய் வற்றிக் கிடந்தது. பந்தயம் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. கரையோரம் பழைய சுற்றுப் பாதையின் தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. விளக்குமாற்றைக் கழற்றிக் கீழே வைத்தார். “நல்லாப் பிடிச்சுக்கோ. நான் சாயும்போது நீயும் சாயணும். நீ மகாராணி மாதிரி நிமிந்து ஒக்காந்தேன்னா வண்டி யார் பேச்சக் கேக்கும்?” என்றார். இத்தனை வருடம் நான் விறைப்பாக உட்கார்ந்து வந்ததை அவர் கவனித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் மூலை கரிசல். பாளம் பாளமாக வெடித்திருந்தது. சக்கரம் வெடிப்பில் இறங்கி அதன் போக்கில் இழுத்தது; மாமா கைப்பிடியை இறுக்காமல், இடுப்பை மட்டும் அசைத்து வண்டியை வெளியே எடுத்தார். அடுத்தது ஓடை வந்து விழும் மணல் மூலை. “இங்க பயந்து வேகத்தக் கொறச்சா முன் சக்கரம் பொதஞ்சிரும்” என்று காற்றில் கத்திக்கொண்டே பின்னால் சாய்ந்தார். பின் சக்கரம் மீன் வால்போல ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியாகக் கரையேறும் இடத்தில் ஒரு சரள் மூலை உண்டு என்று சொல்லியிருந்தார். ஆனால் அதற்குப் போகவில்லை. அதற்கு முந்திய மூன்றாவது மூலையில் வண்டி நின்றுவிட்டது. அவர்தான் நிறுத்தினார்.

அது சிமெண்டுக் களம். அரவை மில்காரர்கள் பருத்திக்கொட்டை காயப்போடுவதற்குக் கட்டியது. பந்தயச் சுற்று அதன்மேல்தான் திரும்பும். மண்ணிலும் மணலிலும் தத்தளித்து வருகிற வண்டிக்கு அங்கேதான் நல்ல பிடிமானம் கிடைக்கும்; சாய்த்து வேகமாகத் திருப்பலாம். முந்துகிறவன் அங்கேதான் முந்துவான்.

மாமா இறங்கி, வந்த வழியே நடந்து போய் விளக்குமாற்றை எடுத்துவந்து களத்தைக் கூட்ட ஆரம்பித்தார்.

“இப்ப எதுக்கு மாமா? இங்கதான் யாரும் ஓட்டுறதில்லயே.”

“ஓட்டாட்டி என்ன தாயி.”

வெளி ஓரத்துக்கு வந்ததும் நின்றார். “அன்னைக்குக் காலையில இந்தா, இந்த எடத்துல கொட்ட சிந்திக் கெடந்துச்சு. மிதிபட்டு நசுங்கி எண்ணெ விட்டிருந்துச்சு. எங்கால்ல ஒட்டுச்சு. மச்சான் எனக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்தாரு. திரும்பிப் பாத்தேன். வாயத் தொறக்கல.”

“பேசக் கூடாதுங்கிறதுதான ரூலு?” என்றேன். எப்போதும் குற்றம் சொன்ன நான் அன்று ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ரூலுதான். ரூலு இல்லாட்டியும் சொல்லியிருப்பனான்னு எனக்குத் தெரியல தாயி. அதான் தொந்தரவு.” கொஞ்சம் கூட்டினார். “சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். மன்னிச்சிட்டாரு. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.”

அந்த வருடமே மில்லில் ஆட்குறைப்பு வந்தது. மாமா, மனைவியின் ஊரான வ. புதுப்பட்டிக்கு விவசாயம் பார்க்கப் போய்விட்டார். நான் பிளஸ் டூவுக்கும் பிறகு கல்லூரிக்கும் பஸ்ஸில் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வளைவுகளில் மணல் சேர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

பி.எஸ்ஸி. முடிவு வந்த அன்று வீட்டில் கேசரி கிளறினார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் வந்தாலும் அதில் ஒரு முள் இருக்கும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “அந்த அண்ணன் மட்டும் அன்னைக்கு வாயத் தொறந்து சொல்லியிருந்தா, இவ எங்கிட்டுப் படிச்சிருக்கப் போறா? எங்கள மாதிரி தீப்பெட்டி ஒட்டிக்கிட்டுல்ல கெடப்பா.”

அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

“அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அப்பா தன் முட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நானுந்தான மிதிச்சேன். எனக்குந்தான ஒட்டுச்சு. வேட்டியில தொடச்சுக்கிட்டேன். உள்ளாற சுத்துனா அவன் பின்னாலயே போகணும். வெளிய போனாத்தான் முந்தலாம். ஒரு தடவதான, தாங்கிரும்னு போனேன்.”

அம்மா அடுப்பை அணைத்தாள். “அப்போ அந்த மனுசன நாம இம்புட்டு நாளும்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

“ஏன்ப்பா சொல்லல?” என்றேன்.

“தெரியாம விழுந்தாம்னா பாவம்பாக. தெரிஞ்சே போயி விழுந்தாம்னா சிரிப்பாக.”

இந்தப் பெருமை யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “சரி, சிரிச்சிட்டுப் போறாக. பொறவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“பொறவு நீ அவன் வண்டியில ஏறிட்ட” என்றார் அப்பா.

நானும் என் தட்டைக் கீழே வைத்தேன். ராத்திரி முழுக்க நூற்பு மிஷின் முன்னால் நின்றுவிட்டு, சிவந்த கண்ணோடு மாமா எங்கள் வாசலில் வந்து நின்ற காலைகள் எல்லாம் வரிசையாக வந்தன. நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அத்தையிடம் வாதாடுவதுபோல எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். எனக்குத் தெரியாது, நான் குழந்தை, அப்பா சொல்லவில்லை. எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனால் அப்பாவின் வாய் மூடியிருந்ததால்தான் நான் படித்தேன். அந்த மார்க்குகளை இனி யாரிடம் சொன்னாலும், ரோட்டு ஓரத்தில் குனிந்து கூட்டுகிற ஒரு மனிதரும் கூடவே வந்து நிற்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே புதுப்பட்டிக்குப் போனேன். மாமாவின் மனைவி வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, “டிகிரியெல்லாம் முடிச்சிட்டியாமே” என்று கன்னத்தைத் தடவினார். மாமா எங்கே என்று கேட்டதற்கு, ரோட்டைக் கையால் காட்டினார். “அவிய எங்க இருப்பாக? வளைவுக்குத்தான் போயிருக்காக.”

வயல் பாதையிலிருந்து டிராக்டர்கள் தாரில் ஏறும் வளைவு அது. சக்கரத்துச் சேறு ரோட்டில் அப்பிப் பாதி காய்ந்திருந்தது. மாமாவுக்குத் தலை நன்றாக நரைத்துவிட்டது. விளக்குமாறு மட்டும் புதிது. அவர் கூட்டிக்கொண்டிருக்க, நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவும் மிதித்தார், அவருக்கும் ஒட்டியது, தெரிந்தேதான் வெளியே போனார். ஒரே மூச்சில் சொன்னேன். முகம் மலரும், அல்லது கோபம் வரும் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் நிமிர்ந்து, “எந்தக் காலாம்?” என்று கேட்டார்.

“என்ன மாமா?”

“எனக்கு வலது கால்ல ஒட்டுச்சு. மச்சானுக்கு எந்தக் கால்ல ஒட்டுச்சாம்?”

எனக்குத் தெரியவில்லை. அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமா சிரித்தார். “நீ படிச்ச பிள்ள. மாமன் வயசான காலத்துல நிம்மதியா இருக்கட்டும்னு கத கட்டிட்டு வந்துருக்க.”

“சத்தியமா இல்ல மாமா. அப்பாதான் சொன்னாரு.”

“மச்சான் சொல்லியிருந்தா கால மொதல்ல சொல்லியிருப்பாரு தாயி. தரை பாத்தவனுக்கு அது மறக்காது.” பிறகு என் செருப்பைப் பார்த்து, “அந்தப் பக்கமாப் போ. இங்க சேறு ஈரமா இருக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். “எந்தக் கால்ப்பா?”

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார். “அத ஒன்ட்டச் சொல்லி என்னட்டி ஆகப் போகுது. அவன்ட்டல்ல சொல்லணும்.”

“அப்ப வாங்க.”

“போவோம் போவோம்.”

அடுத்த வாரம் முட்டி வலி என்றார். அதற்கடுத்த வாரம் மில்லில் லீவு கிடைக்கவில்லை என்றார். பிறகு வெயில். “இத்தன வருசம் கழிச்சுப் போயி அவன் முகத்த எப்படிட்டி பாக்க?” என்று ஒருநாள் அம்மாவிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் சாக்கு, இதுதான் காரணம்.

இன்று காலை அப்பாவுக்கு வெள்ளை வேட்டியும் ஊன்றுகோலும் எடுத்துக் கொடுத்து பஸ் ஸ்டாண்டுவரை கூட்டி வந்துவிட்டேன். புதுப்பட்டி வழியாகப் போகும் வத்திராயிருப்பு பஸ் வந்து நின்றது. உள்ளே ஏற ஒரே தள்ளுமுள்ளு. ஜன்னல்கள் வழியாகத் துண்டும் பையும் போட்டு ஆட்கள் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா படிக்கட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“கூட்டமா இருக்கு. அடுத்த வண்டிக்குப் போவோம்.”

“அடுத்த வண்டிக்கும் இப்படித்தான் இருக்கும்.”

“நீ போயிட்டு வா. நான் இன்னொரு நாளைக்கு...”

இடம் பிடிக்க எங்களிடம் துண்டு இல்லை. அப்பாவின் கையிலிருந்த ஊன்றுகோலை வாங்கினேன். ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, இரண்டு பேர் உட்காரும் சீட்டில் குறுக்காகப் போட்டுவிட்டேன். அது இல்லாமல் அவரால் வீடுவரை திரும்பி நடக்க முடியாது.